பின்பக்கம் ஒட்டிக் கட்டிய அறையில் மழைத் தண்ணீர்: எங்கே பார்ப்பது, எதைச் சரிசெய்வது

வடசென்னையில், கொடுங்கையூரில் எங்கள் வீட்டின் பின்பக்கம் 12-க்கு 10 அடியில் ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு பாத்ரூமும் எழுப்பினோம். கொல்லைப்பக்கம் சும்மாதான் கிடந்தது, தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் ஐப்பசி மழைக்கே அறைக்குள் தண்ணீர். கட்டிக்கொடுத்த மேஸ்திரி போனை எடுக்கவில்லை. கொத்தனார் வேலையை விட்டே பல வருஷமான ஒரு பெரியவரை அம்மா பக்கத்துத் தெருவிலிருந்து அழைத்து வந்தார். அவர் சந்தில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி போற வழியிலயே ரூம கட்டிக்கினு, தண்ணி ஏன் வருதுன்னு கேட்டா நான் இன்னாமா சொல்றது?"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கப்புறம் ஏழு மழைக்காலம் எங்கள் அறையோடு மல்லுக்கட்டி, சொந்தக்காரர்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இதே வேலையைப் பார்த்தபிறகு, பெரியவர் சொன்னதற்கு மேல் யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது. கொல்லையில் ஓடி மண்ணில் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீருக்கு அந்த இடம் போய்விட்டது. அது எங்கே போகப் பார்க்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. கெமிக்கல், வாட்டர் ப்ரூஃபிங் எல்லாம் அதற்கு அப்புறம்.

## முதலில்: தண்ணீர் எப்போது வருகிறது?

எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதைவிட எப்போது ஒழுகுகிறது என்பது அதிகம் சொல்லும். ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

மழை பிடித்த பத்து நிமிஷத்தில் உள்ளே சொட்டினால், எங்கேயோ வெளிப்படையான வாய் இருக்கிறது. விரிசல், ஒட்டு, ஆணி ஓட்டை என்று தேடுங்கள். மழை பெய்து சில மணி நேரம் கழித்து ஆரம்பித்து, மழை விட்ட பிறகும் நீடித்தால், மேலே எங்கோ தண்ணீர் தேங்கி மெல்ல இறங்குகிறது. மழை நின்று இரண்டு மூன்று நாள் ஆகியும் சுவரின் அடியில் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால் அது தரையிலிருந்து வருவது. மழையே இல்லாத நாளிலும் ஈரம் என்றால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள்: இரவு மோட்டார் போடாமல், டேங்கிலிருந்து வரும் வால்வை மூடி, டேங்கில் மட்டத்தைக் குறித்து, காலையில் பாருங்கள். வால்வை மூடியும் மட்டம் இறங்கியிருந்தால் டேங்கிலேயே கசிவு. மட்டம் அப்படியே இருந்தால், மறுநாள் இரவு எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு வால்வை மட்டும் திறந்துவைத்துப் பாருங்கள். அப்போது இறங்கினால் கசிவு பைப்பில்.

இன்னொன்று. ஈரமான சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் எதையும் தொடுவதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். சுவரைத் தொட்டால் சுரீர் என்கிறது என்றால் அங்கே உங்களுக்கு வேலை இல்லை, எலக்ட்ரீஷியனுக்குத்தான் வேலை. ஒட்டிக் கட்டிய அறைக்குப் பழைய வீட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டு எர்த் கொடுக்காமல் விட்ட வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: புது அறையின் மாடியில் தண்ணீர் குளமாக நிற்கிறது

### வடிகிற பைப்பின் வாய்

மாடிக்கு ஏறுங்கள். கையை விடுங்கள். வெட்கப்பட வேண்டாம். அடைத்துக்கொண்டிருப்பவை எங்கள் பக்கம் பெரும்பாலும் இவைதான்: வேப்பிலை, துணிக் கிளிப், பால் கவர், காக்கா கொண்டுவந்து போட்ட எலும்பு, அப்புறம் பட்டம். கோடை லீவில் அறுந்து விழுந்த பட்டத்தின் நூல் பைப் வாயில் சுற்றிக்கொண்டு, அதில் இலை சிக்கி, அதன்மேல் தூசி படிந்து, அக்டோபரில் பார்த்தால் தேங்காய் நார்ப் பந்து மாதிரி இருக்கும். மாஞ்சா நூல் கையை அறுக்கும், கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கத்து மாடிகளில் கருப்பாக ஒரு நைஸ் தூள் படிந்து, நனைந்ததும் களிபோல் இறுகிவிடும். அதைத் துடைப்பத்தால் தள்ளினால் நேராகப் பைப்புக்குள்தான் போகும். முறத்தில் அள்ளுங்கள்.

எடுத்த பிறகு ஒரு குடம் தண்ணீரை வாயில் ஊற்றிக் கீழே ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். குடத்துத் தண்ணீர் சடாரென்று கீழே விழ வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் அடைப்பு பைப்பின் நடுவில், பெரும்பாலும் எல்போவில். கீழ் எல்போவைக் கழற்றிப் பாருங்கள்.

### வாய் சுத்தமாக இருந்தும் நிற்கிறது

தரை மட்டத்தைவிடப் பைப் வாய் அரை இன்ச் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். மாடியில் ஓடு பதிக்கும்போது வாயைச் சுற்றிக் கலவையைக் கொட்டி உயர்த்திவிடுகிறார்கள். ஒரு கொத்தனார் அரை நாளில் வாயைச் சுற்றி ஒரு தட்டுபோல் குழித்துக் கொடுத்துவிடுவார்.

அதுவும் சரி என்றால் வாட்டம் இல்லை. 10 அடிக்கு ஒன்றே கால் இன்ச்சாவது பைப்பை நோக்கிச் சரிய வேண்டும். ரசமட்டம் வேண்டாம். டியூப் லெவல் போதும்: கண்ணாடிபோல் தெரியும் ஹோஸில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைப் பைப் வாயருகிலும் மறுமுனையை எதிர் மூலையிலும் பிடித்து, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். பைப் வாயருகே அந்த அளவு கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே திரும்ப ஓடு பதிப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு முன் இப்போது இருக்கும் ஓடுகளை உடைத்து எடுக்கச் சொல்லுங்கள். பழசின் மேலேயே போட்டால் தளத்துக்குப் பாரம்.

### மழை கொஞ்சம் வலுத்தால் மட்டும் நிற்கிறது

இது பைப்பின் குற்றமில்லை, கணக்கின் குற்றம். பழைய வீட்டின் மாடி 600 சதுர அடி என்று வையுங்கள். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது சுமார் 5,500 லிட்டர், ஏறக்குறைய ஒரு சின்னத் தண்ணீர் லாரி. அந்த வீட்டின் மழைத்தண்ணீர்ப் பைப் முன்பு கொல்லையில் இறங்கியது. அறை எழுப்பும்போது அதைப் புதுத் தளத்தின் உயரத்தில் அறுத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். லாரித் தண்ணீர் மொத்தமும் 120 சதுர அடி மாடியில் கொட்டி, அங்கிருந்து ஒரே ஒரு 3 இன்ச் பைப் வழியாக இறங்க வேண்டும் என்றால் எப்படி இறங்கும்? பழைய பைப்பை ஓர் எல்போ போட்டுத் திருப்பி, புதுச் சுவரை ஒட்டித் தனியாகத் தரை வரை இறக்குங்கள். புது மாடிக்கு 4 இன்ச்சில் ஒரு வாயும், கைப்பிடிச் சுவரில் அதைவிடச் சற்று மேலே ஒரு தூம்பும் வையுங்கள். பைப் அடைத்துக்கொண்டாலும் தூம்பு வழியாகக் கொட்டும், கொட்டுவதைப் பார்த்ததும் அடைப்பு என்று உங்களுக்கே தெரியும்.

## அறிகுறி: பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் ஒழுகுகிறது

அதிகம் பணத்தை விழுங்குவது இதுதான். தளமும் பழைய சுவரும் சேரும் ஒட்டில், நேர்கோடாக, உள்பக்கம் பழுப்புக் கறை இறங்கும். உடனே யாராவது ஒருவர், "அண்ணே, ஒரு கோட்டிங் அடிச்சிட்டா போதும்" என்பார். அடிப்போம். அடுத்த வருஷம் அதே கோடு.

காரணம் எளிது. பழைய வீடு பல வருஷமாகத் தரையில் உட்கார்ந்து முடித்துவிட்டது. புது அறையின் அஸ்திவாரம் இப்போதுதான் உட்கார ஆரம்பிக்கிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் களிமண் வேறு. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரண்டு கட்டடமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க விரும்புவதில்லை. நடுவில் சிமென்ட் வைத்து அடைத்தால் சிமென்ட்தான் விரியும்.

### முதலில் தண்ணீர் எங்கிருந்து என்று பாருங்கள்

மழையில்லாத ஒரு நாள். ஒரு ஆள் உள்ளே டார்ச்சோடு, ஒரு ஆள் வெளியே ஹோஸோடு. கீழிருந்து மேலே போக வேண்டும், இதை மட்டும் மாற்றாதீர்கள். மேலே ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து எது ஓட்டை என்று தெரியாது. முதலில் மாடித் தரையில் மட்டும் 15 நிமிஷம். அப்புறம் தரையும் பழைய சுவரும் சேரும் மூலை. அப்புறம் சுவரில் ஓர் அடி மேலே. அப்படியே ஜன்னல், சன்ஷேடு வரை ஏறுங்கள். உள்ளே ஆள் குரல் கொடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு முறை கோட்டிங் அடித்துத் தோற்ற பிறகுதான் இதைச் செய்தோம். ஒட்டில் எவ்வளவு நேரம் தண்ணீர் விட்டாலும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. தம்பி உள்ளேயிருந்து "ஒண்ணும் இல்லண்ணே" என்று சலித்துக்கொண்டே இருந்தான். ஹோஸ் பழைய வீட்டின் மாடி ஜன்னல் சன்ஷேடுக்கு ஏறியதும், ஐந்தாவது நிமிஷம் உள்ளே சொட்ட ஆரம்பித்தது. ஒழுகிய இடத்துக்கும் அதற்கும் ஆறடி தூரம். சன்ஷேடு வெளியே சரியாமல் சுவரை நோக்கிச் சரிந்திருந்தது. அதில் நின்ற தண்ணீர் பூச்சுக்குள் நுழைந்து, செங்கலோடு இறங்கி, புதுத் தளத்தின் ஒட்டில் வந்து எட்டிப்பார்த்தது. பழைய வீடு தனியாக நின்றவரை அது வெளிச்சுவரிலேயே காய்ந்துபோய்க்கொண்டிருந்தது. சன்ஷேடின் மேல் ஒரு சட்டிக் கலவையில் வாட்டம் கொடுத்தோம். நின்றது.

### ஒட்டிலேதான் என்றால்

விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, தேதி எழுதுங்கள். மாதம் ஒரு முறை பாருங்கள். மாறவில்லை என்றால் வேலையை ஆரம்பிக்கலாம்.

பழைய பூச்சை ஒட்டின் நெடுக 3 இன்ச் அகலத்துக்குக் கொத்தி எடுங்கள். உள்ளே தூசி இல்லாமல், நன்றாகக் காய்ந்த பிறகு, ரப்பர் மாதிரி இழுபடும் சீலன்ட் வைக்க வேண்டும். சீலன்ட் என்று கேட்டால் கடைக்காரர் பாத்ரூமுக்கு வைக்கும் சிலிகானை எடுத்துக் கொடுப்பார். வெயில் தாங்கும் பாலியூரித்தேன் என்று சொல்லி வாங்குங்கள். அதோடு விட்டாலும் ஒன்றிரண்டு வருஷம்தான். அதன்மேல் ஒரு தகரமோ அலுமினியப் பட்டையோ குடைபோல் வர வேண்டும்: பழைய சுவரில் ஓர் இன்ச் ஆழத்துக்குக் காடி வெட்டி, பட்டையின் மேல் ஓரத்தை அதற்குள் செருகிப் பூசி, கீழ் ஓரத்தைப் புதுத் தளத்தின் மேல் சும்மா தொங்கவிட வேண்டும். கீழ் ஓரத்தை ஆணி அடித்து இறுக்கிவிட்டால் பட்டைக்கும் விரிசலின் கதிதான். இரண்டு கட்டடமும் அசையட்டும், குடை மேலே இருக்கட்டும்.

இதை நவம்பரில் செய்யாதீர்கள். ஈரச்சுவரில் எந்தச் சீலன்ட்டும் பிடிக்காது. மாசியிலிருந்து ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். இப்போதைக்கு மழை வந்துவிட்டது என்றால் ஒரு கனமான தார்ப்பாயைப் பழைய சுவரில் மரப்பட்டை வைத்து அடித்து, ஒட்டுக்கு மேல் விரித்து, கனமான செங்கல் வைத்து இந்த மழையை ஓட்டுங்கள்.

### எஞ்சினியரைக் கூப்பிட வேண்டிய இடம்

பென்சில் புள்ளிகள் விலகிக்கொண்டே போனால். விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால். அறைக் கதவு திடீரென்று நிலையில் இடிக்க ஆரம்பித்தால். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடு மரக்கட்டை வைத்த மெட்ராஸ் டெரஸாக இருந்து, கட்டை சுவருக்குள் போகும் இடம் கருத்திருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இதற்கெல்லாம் மேஸ்திரி போதாது, கட்டட அமைப்பு படித்த எஞ்சினியர் வேண்டும். வாட்டர் ப்ரூஃபிங் விற்கிற ஆளிடம் யோசனை கேட்காதீர்கள்.

## அறிகுறி: ஷீட் போட்ட அறையில் சொட்டுகிறது

ஆணிதான். ஜே ஹூக்கின் தலையில் உள்ள ரப்பர் வாஷர் வெயிலில் பொடிந்திருக்கும், மாற்றுங்கள். அடுத்து ஷீட்டின் மேல் ஓரம் சுவரைத் தொடும் இடம். அங்கும் மேலே சொன்ன பட்டைதான் வைத்தியம். காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டும் ஒழுகினால் ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அளவு குறைவு, அல்லது சரிவு போதாது. ஃபிட்டர்தான் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் அதை அறுப்பதும் உலர்ந்த நிலையில் உடைப்பதும் வேண்டாம், தூள் நுரையீரலுக்குக் கேடு. மேலே ஏறும்போது ஷீட்டில் கால் வைக்காமல், அடியில் ஷீட்டைத் தாங்கும் பைப் ஓடும் இடத்தின் மேல் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதில் கால் வையுங்கள்.

## அறிகுறி: பக்கவாட்டுச் சந்தில் தண்ணீர் நிற்கிறது

அறை எழுப்பியபின் வீட்டைச் சுற்றி மிஞ்சுவது இரண்டடிச் சந்து. கொல்லைத் தண்ணீர் தெருவுக்கு வர அது ஒன்றுதான் வழி. முதலில் அதில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மீந்துபோன டைல்ஸ், பழைய கதவு, செடித் தொட்டி. இதை எடுத்ததும் பாதி வீடுகளில் தண்ணீர் ஓடிவிடுகிறது.

இல்லையென்றால் வாளித் தண்ணீரைக் கொல்லை மூலையில் கொட்டி, அது எந்த இடத்தில் சோம்பி நிற்கிறது என்று பாருங்கள். நடுவில் ஒரு சாக்கடைச் சேம்பர் மூடி மேடாக இருக்கும். அல்லது பாத்ரூம் பைப்பைப் புதைத்துவிட்டு மேலே மேடாகச் சிமென்ட் போட்டிருப்பார்கள். மேட்டைத் தட்டிச் சீராக்க ஒரு நாள் கொத்தனார் கூலிதான். சந்தின் சரிவு அறைச் சுவரை விட்டு விலகி, நடுவில் ஒரு சின்ன வாய்க்காலாக இறங்கித் தெருப்பக்கம் போக வேண்டும்.

பக்கத்து வீட்டு ஷீட்டின் தண்ணீர் உங்கள் சந்தில் விழுந்தால் போலீஸ் வரை போக வேண்டாம். "அக்கா, ஷீட் ஓரத்துல தண்ணி வாங்க ஒரு கட்டர் வச்சிக்கலாமா, பாதி காசு நான் தரேன்" என்று கேட்டதில் எனக்கு இரண்டு சந்துகள் காய்ந்தன.

தெருவே உங்கள் சந்தைவிட உயரம் என்றால் வாட்டம் எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. இந்தப் பக்கத்துக்கே உரிய வியாதி இது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தாலும், பல வருஷம் மேலே மேலே போட்டதில் வாசற்படிகள் ஒவ்வொன்றாகச் சாலைக்கு அடியில் போயிருக்கின்றன. அப்போது சந்தின் தாழ்வான மூலையில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, சம்ப் மோட்டார் போட்டு ஏற்றுவதுதான் வழி. மோட்டாருக்குப் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து வர வேண்டும். ஃப்ளோட் ஸ்விட்சை மறந்துவிடாதீர்கள், இரவு இரண்டு மணிக்கு எழுந்து போட உங்களால் முடியாது.

## அறிகுறி: சுவரின் அடி ஓதம் காக்கிறது, டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் துளிர்க்கிறது

ஓதம் கீழிருந்துதானா என்று பார்க்க, இரண்டடிச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். காகிதத்தின் அடியில் நீர்கோத்திருந்தால் தரையிலிருந்து வருகிறது. மேலே கோத்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை, அவ்வளவுதான், ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்கள்.

தரையிலிருந்து என்றால், வெளியே போய் உயரத்தை அளந்து பாருங்கள். அறையின் தரை வெளித்தரையைவிட 45 சென்டிமீட்டராவது உயரமாக இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பழைய வீட்டிலிருந்து படியில்லாமல் நேராக நடந்து போக வேண்டும் என்பதற்காக ஒட்டிக் கட்டிய அறைகளைத் தாழ்வாகவே வைத்துவிடுகிறோம். வெளியே சுவரை ஒட்டி மண்ணோ ரப்பிஷோ குவிந்திருந்தால் முதலில் அதை அள்ளுங்கள். அப்புறம் வெளிச்சுவரின் அடியை இரண்டடி உயரத்துக்குக் கொத்தி, வாட்டர் ப்ரூஃப் கலந்த கலவையில் பூசி, தரையும் சுவரும் சேரும் மூலையை உருட்டிவிடச் சொல்லுங்கள். உள்பக்கம் மட்டும் பூசினால் ஓதம் இரண்டடி மேலே ஏறி அங்கே உப்புப் பூக்கும்.

கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறி, தரை முழுக்க டைல்ஸ் இடுக்கில் துளிர்ப்பது வேறு விஷயம். தரையைத் தோண்டி, ஷீட் விரித்து, திரும்பக் கான்கிரீட் போட்டு உயர்த்த வேண்டும். செலவும் பெரிது, கதவு நிலையும் மாறும். எஞ்சினியர் பார்த்துச் சொல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

## அறிகுறி: பாத்ரூம் துவாரத்தில் தண்ணீர் மேலே வருகிறது

புது பாத்ரூம்தான் வீட்டிலேயே தாழ்ந்த இடம், அதனால் அங்கேதான் முதலில் வரும். குளுக் குளுக் என்று சத்தம், அப்புறம் கறுப்புத் தண்ணீர்.

மழைத்தண்ணீர்ப் பைப்பை யாராவது சாக்கடைச் சேம்பரில் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிளம்பருக்கு அது சுலபமான வழி, ஆனால் அனுமதி இல்லாதது. கழிவுநீர்க் குழாய் மழைக்காகப் போட்டதல்ல. மழையில்லாத நாளில் மாடிப் பைப்பில் ஒரு மூடிச் சொட்டு நீலம் கலந்த இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். சேம்பர் மூடியைத் திறந்து, சற்று விலகி நின்று காற்றுப் போக விட்டு, அப்புறம் எட்டி நின்றே பாருங்கள். நீலம் வந்தால் குற்றவாளி வீட்டுக்குள்தான் இருக்கிறார். பைப்பை வெட்டிச் சந்துக்கோ மழைநீர் உறைக்கோ (மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) திருப்பிவிடுங்கள்.

நீலம் வரவில்லை, உங்கள் சேம்பர் எப்போதும் நிரம்பியே நிற்கிறது என்றால் அடைப்பு தெருவில். குடிநீர் வாரியத்துக்கு 1916-இல் புகார் கொடுங்கள், அடைப்பை அடிக்கும் லாரி வரும். அது வர நேரமாகிறது என்று யாரையாவது கூப்பிட்டுச் சேம்பருக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ இறக்காதீர்கள். 2013-இலிருந்து சட்டப்படி குற்றம். விஷவாயுவில் போன உயிர்கள் சென்னைக்குப் புதிதல்ல.

வருஷம் தவறாமல் வருகிறது என்றால் சேம்பருக்குப் போகும் பைப்பில், தண்ணீரை வெளியே மட்டும் விடுகிற ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வைக்கலாம். அதில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வெளியே தண்ணீர் ஏறி வால்வு மூடிக்கொண்டால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரத்தில் வாஷிங் மெஷினைப் போட்டால் நீங்களே உங்கள் பாத்ரூமை நிரப்பிக்கொள்வீர்கள். வருஷம் ஒரு முறை ஆவணியில் திறந்து கழுவ வேண்டும், ஒரு முடிக்கற்றை சிக்கினாலும் மூடாது. அவசரத்துக்கு, ஒரு கவரில் மணல் நிரப்பி, துணியில் சுற்றி, துவாரத்தில் அழுத்தி, மேலே ஒரு குடம் தண்ணீரை வையுங்கள்.

## அறிகுறி: மழைநீர் உறை நிரம்பி வழிகிறது

2003-இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது கொல்லையில் தோண்டிய உறை இப்போது எங்கே இருக்கிறது? பலருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அதன்மேல்தான் அறை நிற்கிறது. அல்லது அறையின் அஸ்திவாரத்திலிருந்து இரண்டடியில். உறையில் இறங்கும் தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்குப் போகும், மேலே சொன்ன ஓதத்துக்கும் களிமண் உப்புவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் பைப்பை முன்பக்கம் புதிதாகத் தோண்டும் உறைக்கு மாற்றுங்கள்.

உறை தள்ளித்தான் இருக்கிறது என்றால், புரட்டாசியில் பத்து வாளி ஊற்றி மறுநாள் பாருங்கள். வற்றாமல் நின்றால் ஜல்லியிலும் மணலிலும் சேறு அடைத்திருக்கிறது. அள்ளிக் கழுவிப் போட வேண்டும். தண்டையார்பேட்டைக் கடலோர மணலில் தண்ணீர் உடனே இறங்கும், எங்கள் களிமண்ணில் கழுவிய பிறகும் மெல்லத்தான் இறங்கும். கார்த்திகைக் கடைசியில் நிலமே நிரம்பியிருக்கும்போது வழிவது பழுதல்ல. வழிகிற தண்ணீருக்குத் தெருப்பக்கம் ஒரு பைப் வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

## அறிகுறி: தெருத் தண்ணீரே வீட்டுக்குள் வருகிறது

இதுவரை சொன்ன எதுவும் இதற்கு உதவாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வந்தது இந்தத் தண்ணீர்தான். பக்கிங்ஹாம் கால்வாய் போய்ச் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் ஏறியிருந்தால் தெருத் தண்ணீர் வடியாமல் நிற்கும், கடல் இறங்கினால் தானாக இறங்கும். அதனால் வாளியால் இறைத்துக் களைத்துப்போக வேண்டாம். வெளியே மட்டம் குறைகிறதா என்று பார்த்து, குறைய ஆரம்பித்த பிறகு இறையுங்கள்.

மழை எச்சரிக்கை வந்த அன்றே மெயினை அணைக்கும் ஆள் யார் என்று வீட்டில் முடிவுசெய்துவிடுங்கள். சந்துக்கும் அறைக்கும் நடுவிலுள்ள கதவில் ஒரு பலகையை நிறுத்தி, முன்னால் மணல் மூட்டை. மூட்டைக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்து அதைப் பலகைமேல் மடித்துவிட்டால்தான் தண்ணீர் நிற்கும், வெறும் மூட்டை கசியும். தெருவில் வடிகால் அடைத்திருந்தால் மாநகராட்சிக்கு 1913. புகார் எண்ணைக் குறித்துவையுங்கள், இரண்டாவது முறை பேசும்போது அதைத்தான் கேட்பார்கள்.

வடிந்த பிறகு உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். பூச்சு உள்ளே காய இரண்டு மாதமாவது ஆகும். மிக்ஜாமின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததே, அந்த மாதிரிக் கறை பிடித்த பூச்சில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது, கொத்தி எடுத்துத் திரும்பப் பூச வேண்டும். ஆனால் கழுவுவதற்கு முன்பு ஒரு காரியம்: சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் தேதியைப் போடுங்கள். பங்குனியில் கதவுப்படியை உயர்த்த வரும் கொத்தனார் எத்தனை இன்ச் என்று கேட்கும்போது அந்தக் கோட்டைக் காட்டலாம்.